புதுப்பிப்பு: 16 மிமீ ஃபிலிம் தாத்தாவின் ரெகுலர் 8 கேமராவில் ஓடிவிட்டது

ரெகுலர் 8 என்பது பழைய வீட்டு சினிமா கேமரா; 16 மிமீ அகல ஃபிலிமில் ஒரு பாதியில் எடுத்து, சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுக்கும். அதில் சாதாரண 16 மிமீ ஃபிலிமையே போடலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அப்படியே போட்டால் ஓடாது. அகலம் ஒன்றுதான், ஆனால் ஃபிலிமை இழுக்கும் ஓரத் துளைகளின் இடைவெளி 16-இல் 7.62 மிமீ, ரெகுலர் 8-இல் 3.81. ஒவ்வொரு இடைவெளியிலும் புதுத் துளை ஒன்று போட வேண்டும். 25 அடிக்கு ஓர் ஓரத்தில் மட்டும் ஆயிரம்! இரு ஓரமும் துளையுள்ள ஃபிலிமாகவே வாங்குங்கள்.

கைகொடுத்தது, பழைய துளைக்குள் ஊசி நுழைந்து பிடித்துக்கொள்ளும் பஞ்ச் செய்யச் சொன்ன அண்ணனின் யோசனைதான். அம்பத்தூரில் உலோக அச்சு (டை) செய்யும் ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். அதற்கு முன் ஸ்கேல் வைத்து நானே குத்திய சுருளில் படம் குதியோ குதி என்று குதித்தது. நீல ஒளியை மட்டும் உணரும் கறுப்பு வெள்ளை பிரிண்ட் ஃபிலிம் (படப் பிரதி எடுக்கும் ஃபிலிம்) என்பதால் சிவப்பு விளக்கில் பார்த்தே குத்த முடிந்தது. ஒளியை உணரும் வேகம் ரொம்பக் குறைவு, மெரினாவில் உச்சி வெயிலில்தான் எடுத்தேன்.

எதிர்பாராதது நம்ம ஊர்ப் புழுக்கம். குத்தி விழுந்த துணுக்குகள் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சில் ஒட்டி, கேமராவில் ஃபிலிம் ஒளிபடும் சட்டமான கேட்டில் சிக்கின. ஏசி அறையில் குத்தி, காற்றால் ஊதியபின் சரி. கழுவியபின் வழக்கம்போல் நீளவாக்கில் இரண்டாக வெட்டவில்லை, முழு அகலத்தில் ஸ்கேன் செய்தேன். ஒரு பாதி தலைகீழாக வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம்.