புதுப்பிப்பு: ரூட் கெனால் முடிந்தும் வலித்த அந்தக் கடைவாய்ப் பல்

மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்ட பிறகும் கடித்தால் வலிக்கிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா, காரணம் தெரிந்துவிட்டது. பல் வேருக்குள் நரம்பு ஓடும் நுண்குழாய்தான் கால்வாய்; அதில் நான்காவது ஒன்று விட்டுப்போயிருந்தது!

சாதாரண எக்ஸ்ரேயில் மூன்றும் அழகாக நிரம்பியிருந்தன. ஆனால் அந்தப் படத்தில் முன்னும் பின்னுமாக இருப்பவை ஒரே கோடாக விழுந்துவிடும், அதனால் சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேனில்தான் கன்னப் பக்கத்து முன்வேருக்குள் நிரப்பாத இன்னொரு கால்வாயும் வேர் நுனியில் கருப்பாக ஒரு வட்டமும் (தொற்றால் எலும்பு கரைந்த இடம்) தெரிந்தன. இந்தப் பல்லில் இது அபூர்வமே இல்லை, பாதிக்கு மேல் உண்டு. அதன் வாய் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் கடினப் பகுதி) மேட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வதுதான் தொல்லை.

நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி அல்ட்ராசோனிக் முனையால் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினித் திரவத்தை விட்டார். உள்ளே மிச்சமிருக்கும் திசுவில் பட்டால் அது நுரைக்கும்; ஓரிடத்தில் மட்டும் குமிழி கிளம்பியது (திரையில் நானும் பார்த்தேன், வாயைப் பிளந்தபடியே). அங்கே கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற 8ஆம் எண் ஃபைல் இறங்கியது, நுனி வெறும் 0.08 மி.மீ.

அப்புறம் கிருமியைக் கொல்லும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து, அடுத்த முறை நிரப்பினார். கடிக்கும்போது வந்த வலி போய்விட்டது. அந்த வட்டத்தில் எலும்பு வளர மாதக்கணக்காகும், மறுபடி படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பிடுங்கிவிடச் சொன்னவர்களே, பல் பத்திரமாக இருக்கிறது.