மறைந்தவர்களின் இசையே மேற்கத்தியக் கச்சேரி மேடையில் நிலைத்தது எப்போதிலிருந்து?

மாடிப்படி:

வணக்கம். மூன்று ஆண்டுகளாக மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கேட்டு வருகிறேன். முறையாகப் பயின்றவன் அல்லன். ஐரோப்பிய இசைக்குழுக்கள் சில வெளியிட்டிருந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல்களை அண்மையில் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பீத்தோவன், பிராம்ஸ், மோட்சார்ட், மாலர் என்று அதே பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. உயிரோடிருக்கும் ஒருவரின் படைப்பு இடம்பெற்றால், அது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிவதாகவும் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வாசிக்கப்படுவதாகவும் இருக்கிறது.

என் ஐயம் இதுதான். மோட்சார்ட் காலத்து வியன்னா ரசிகர்களும் இப்படித்தான் நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்களா? இல்லையென்றால் இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது? நான் படித்த அறிமுக நூல்கள் பரோக், கிளாசிக்கல், ரொமான்டிக் என்று காலங்களை அடுக்கிச் செல்கின்றன. ஒரு காலத்தவர் தமக்கு முந்தைய காலத்து இசையை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழைய இசைத்தட்டு:

பெரும்பாலும் பரண்மேல் போட்டார்கள் என்பதே பதில். மோட்சார்ட்டின் வியன்னாவில் கச்சேரிக்குப் போனவர்கள் புதியதைக் கேட்கத்தான் போனார்கள். இந்த மனப்போக்கு அவர்களோடு தொடங்கியதும் அன்று. 1477-ல், நேப்பிள்ஸ் அரசவையில் இருந்த டிங்க்டோரிஸ் என்னும் இசையறிஞர், கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் இயற்றப்பட்டவற்றைத் தவிர வேறெந்த இசையையும் கற்றோர் கேட்கத் தகுந்ததாகக் கருதுவதில்லை என்று தம் நூலில் எழுதிவைத்தார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, தம் காலத்தின் பெருமையாகவே சொன்னார்.

இசை அப்போது எப்படிப் புழங்கியது என்பதற்கு ஹெய்டனைவிட நல்ல சான்று இல்லை. 1761 மே 1 அன்று அவர் எஸ்டர்ஹாசி கோமகனிடம் துணை இசைத் தலைவராகச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. வெள்ளைக் காலுறையும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, தலையில் பவுடர் பூசி, அரண்மனைச் சீருடையில் வரவேண்டும். நாள்தோறும் நண்பகலுக்கு முன்னும் பின்னும் முன்னறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இயற்றியதைக் கோமகனுக்கன்றி வேறொருவருக்கும் தரக்கூடாது. அடுத்து வந்த நிக்கோலாஸ் கோமகன் பாரிட்டன் என்ற கருவியை வாசிப்பவர். வில்லால் இழைக்கும் தந்திகள் முன்புறமும், கட்டைவிரலால் மீட்டும் தந்திகள் கழுத்தின் பின்புறமும் அமைந்த விசித்திரமான கருவி அது. அவருக்காக ஹெய்டன் பாரிட்டனுக்கென்றே 120-க்கும் மேற்பட்ட மூவர் இசைகளை எழுதினார். கோமகனுக்கு அதில் நாட்டம் குறைந்ததும் அவை எழுதப்படுவதும் நின்றது. கருவி வழக்கொழிந்துவிட்டதால் பின்னால் வந்தவர்கள் அவற்றை வாசிக்கவும் வழியில்லாமல் போயிற்று. சமையல்காரர் அன்றைய விருந்தைச் சமைப்பதுபோல அன்றைய இசையை ஹெய்டன் ஆக்கினார் என்றால் அது மிகையாகாது. நேற்றைய விருந்தை யாரும் இன்று கேட்பதில்லை.

1790-ல் நிக்கோலாஸ் இறந்தார். மகன் இசைக்குழுவைக் கலைத்தார். ஓய்வூதியத்தோடு விடுதலை பெற்ற ஹெய்டனைச் சாலமன் என்ற வயலின் கலைஞர் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு கோமகனுக்குப் பதிலாகச் சீட்டு வாங்கிய நூற்றுக்கணக்கானோர் எதிரில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் புதியதுதான் வேண்டியிருந்தது. இரண்டு பயணங்களில் பன்னிரண்டு சிம்பொனிகள் பிறந்தன. ஆனால் பழமையை மேடையேற்றும் வழக்கம் முளைவிட்டதும் அதே லண்டனில்தான் என்பது வேடிக்கை. இருபது ஆண்டுகளுக்குக் குறைந்த வயதுடைய எந்த இசையையும் வாசிப்பதில்லை என்ற விதியோடு ‘பண்டைய இசைக் கச்சேரி’ என்ற அமைப்பு 1776-ல் தொடங்கப்பட்டிருந்தது. 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 500-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடி, 1759-லேயே மறைந்துவிட்ட ஹேண்டலுக்கு விழா எடுத்தார்கள். 1791-ல் அத்தகைய விழா ஒன்றை நேரில் கேட்ட ஹெய்டன், ஊர் திரும்பியபின் 1798-ல் அரங்கேற்றிய ‘படைப்பு’ என்ற ஆரட்டோரியோவில் (மேடை நடிப்பில்லாமல் பாடப்படும் சமயக் கதையிசை) அதன் தாக்கம் ஊன்றிக் கேட்பவர்க்கு நன்றாகத் தெரியும்.

ஜெர்மனிக்கு இந்த அலை சற்றுத் தாமதமாக வந்தது; வந்தபின் அங்கேயே வேரூன்றிவிட்டது. 1829 மார்ச் 11 அன்று பெர்லினில், இருபது வயது மெண்டல்சன், பாஹ் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசையை (மத்தேயு நற்செய்தி கூறும் இயேசுவின் துன்பங்களைப் பாடுவது) நடத்தினார். எண்பது ஆண்டுகள் யாரும் எண்ணிப் பார்க்காத ஒருவர் ஒரே மாலையில் உயிர்த்தெழுந்தார். 1835-ல் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவுக்குத் தலைவரான மெண்டல்சன், 1838-ல் பாஹ், ஹேண்டல் தொடங்கிக் கால வரிசையில் ‘வரலாற்றுக் கச்சேரிகள்’ என்றே நடத்தினார். இதற்கெல்லாம் அவரையே பொறுப்பாளி ஆக்குவோர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் புதியவர்களையும் மேடையேற்றினார். ஷூமானின் முதல் சிம்பொனியை 1841-ல் அரங்கேற்றியவரும் அவரே.

பெரிய பங்கு பதிப்பாளர்களுடையது என்பது என் கருத்து. அதே லைப்சிக்கில் இருந்த பிரைட்கோஃப் உண்ட் ஹெர்டெல் நிறுவனம் பாஹ், ஹேண்டல், பீத்தோவன், மோட்சார்ட் ஆகியோரின் முழுத் தொகுப்புகளை 1851 தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டது. முழுத் தொகுப்பு என்பது ஒரு காலத்தில் கிரேக்க, லத்தீன் ஆசிரியர்களுக்குச் செய்யப்பட்ட மரியாதை. அச்சிட்ட தாள்கள் இசைக்குழுவின் அலமாரியில் வந்து அமர்ந்துவிட்டால், கைக்குப் பழகிவிட்ட ஒரு சிம்பொனியை இரண்டே ஒத்திகையில் மேடையேற்றிவிடலாம். புதியதற்கு அது போதாது. 1842-ல் தொடங்கிய வியன்னா பில்ஹார்மோனிக் போன்ற இசைக்குழுக்களில், பகலும் இரவும் ஓபராவில் உழைத்துவிட்டு இடையில் கச்சேரி செய்த கலைஞர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

கீழ்ஸ்தாயி:

மேலே உள்ள பதிலில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் பாஹ் எண்பது ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்தார் என்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மறக்கப்பட்டது அவருடைய ஆலய இசை. அவர் ஆசிரியராக வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்.

வாரத்துக்கு ஒரு கான்டாட்டா (குரல்களும் கருவிகளும் சேர்ந்த வழிபாட்டு இசை) என்று லைப்சிக் ஆலயங்களுக்காக அவர் எழுதிக் குவித்தவை அந்தந்த ஞாயிற்றுக்கிழமையின் தேவைக்கு எழுதப்பட்டவை. அவர் 1750-ல் இறந்ததும் கையெழுத்துப் படிகளை மனைவியும் மக்களும் பங்கிட்டுக்கொண்டார்கள், பல தொலைந்தன. ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃபியூக் வடிவத்துக்கென்றே அவர் எழுதிய ‘ஃபியூக் கலை’ நூல் முப்பது படிகள் அளவுக்குத்தான் விற்றது. மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1756-ல் அதன் செம்புத் தகடுகளையே விற்பனைக்கு விட்டார். இதுவரை உங்கள் கூற்று சரி. ஆனால் எல்லாச் சுருதிகளிலும் அமைந்த அவருடைய முன்னிசை-ஃபியூக் தொகுப்பு, அச்சுக்கு வராமலே, கைப்படிகளாக ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் சென்றுகொண்டிருந்தது. பான் நகரில் சிறுவன் பீத்தோவனுக்கு அவருடைய ஆசிரியர் நேஃபெ அதைத்தான் வாசிக்கக் கொடுத்தார். 1783-ல் ஓர் இதழில் அதைப் பெருமையாகக் குறிப்பிடவும் செய்தார். வியன்னாவில் பாரன் வான் ஸ்வீட்டன் என்ற பிரபுவின் வீட்டு ஞாயிறு சந்திப்புகளில் 1782-ல் பாஹையும் ஹேண்டலையும் அறிந்த மோட்சார்ட்டின் எழுத்தே அதன்பின் மாறியது. 1789-ல் லைப்சிக் சென்றவர், புனித தோமா ஆலயத்தில் பாஹின் எண்குரல் மோட்டெட் (ஆலயப் பாடற்குழு இசை) ஒன்றைக் கேட்டு, இதிலிருந்து கற்க ஏதோ இருக்கிறது என்று துள்ளினாராம். முழு இசைப்படி அங்கே இல்லை; குரலுக்கு ஒன்றாக இருந்த தனித்தாள்களை மட்டும் கைகளிலும் முழங்கால்களிலும் பக்கத்து நாற்காலிகளிலும் பரப்பிவைத்து, எல்லாவற்றையும் படித்து முடிக்கும்வரை எழவில்லை என்று ரோக்லிட்ஸ் என்ற இசை எழுத்தாளர் எழுதியிருக்கிறார்.

மெண்டல்சனுக்கும் மத்தேயு பாடுகள் வானத்திலிருந்து விழவில்லை. அவருடைய பாட்டிதான் அதன் படியொன்றைப் பரிசாகக் கொடுத்தார். 1829-ல் அவர் நடத்தியதும் பாஹ் எழுதிய வடிவம் அன்று. ஏரியாக்கள் என்னும் தனிப்பாடல்கள் பலவற்றை வெட்டினார், வழக்கொழிந்துவிட்ட வேட்டை ஓபோ என்ற குழல்களுக்குப் பதிலாகக் கிளாரினெட்டுகளைச் சேர்த்தார். பழையதை அப்படியே பேண வேண்டும் என்ற எண்ணம் அப்போது இன்னும் பிறக்கவில்லை.

மாடிப்படி:

இருவருக்கும் நன்றி. இதையொட்டி ஒரு துணைக்கேள்வி. சிம்பொனியின் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே கைதட்டக் கூடாது என்பதை ஒருமுறை பலர் முன்னிலையில் தட்டித்தான் அறிந்துகொண்டேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இந்த அமைதியும் அதே காலத்தில் வந்ததுதானா?

நாலாம் வரிசை:

ஐயா, நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மோட்சார்ட் உங்கள் பக்கம். 1778-ல் பாரிஸில் அவருடைய 31-ஆம் சிம்பொனி அரங்கேறியதைப் பற்றித் தந்தைக்கு ஜூலை 3 அன்று எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். முதல் பகுதியின் நடுவில் ஓரிடம் ரசிகர்களுக்குப் பிடிக்கும் என்று அவருக்கு எழுதும்போதே தெரிந்திருந்தது. எதிர்பார்த்தபடியே அந்த இடம் வந்ததும், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெரும் கைதட்டல் எழுந்தது. அவ்வூரில் இறுதிப் பகுதியை எல்லாக் கருவிகளும் சேர்ந்து உரக்கத் தொடங்குவதே வழக்கம் என்று கேள்விப்பட்டவர், வேண்டுமென்றே இரண்டு வயலின் அணிகளை மட்டும் எட்டு அளவுகளுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) மென்மையாக வாசிக்க வைத்தார். ரசிகர்கள் ஒருவரையொருவர் ‘உஷ்’ என்று அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். உரத்த ஒலி வெடித்ததும் கைதட்டினார்கள். மகிழ்ச்சியில் அவர் பலே ராயல் சென்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, நேர்ந்துகொண்டிருந்தபடி ஜெபமாலை சொல்லிவிட்டு வீடு திரும்பினார். அதே கடிதத்தில் தாய் கடுமையாக நோயுற்றிருப்பதாக மட்டும் எழுதினார். உண்மையில் தாய் அன்றிரவே இறந்துவிட்டிருந்தார். தொலைவிலிருந்த தந்தையை மெல்ல ஆயத்தப்படுத்தவே அப்படி எழுதினார் என்பதை அறிந்தபின் அந்த ஐஸ்கிரீம் வரியைப் படிப்பது எளிதாக இல்லை.

பீத்தோவனின் 7-ஆம் சிம்பொனி 1813 டிசம்பர் 8 அன்று அரங்கேறியபோது அதன் இரண்டாம் பகுதியை அங்கேயே மறுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். புதியதைக் கேட்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இருந்தது. கைதட்டல் அந்தத் தீர்ப்பு. பீத்தோவனும் பாஹும் தீர்ப்புக்கு அப்பாற்பட்டவர்களாக ஆனபின், ரசிகருக்கு எஞ்சியது ஆலயத்தில் அமர்வதுபோல் அமர்வது மட்டுமே. 1897 முதல் வியன்னா அரசவை ஓபராவை நடத்திய மாலர், தாமதமாக வருபவர்களை உள்ளே விடாமல் கதவை அடைக்கச் செய்தார். 1918-ல் அதே நகரில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் தொடங்கிய தனியார் இசை நிகழ்ச்சிச் சங்கத்திலோ கைதட்டலும் தடை, விமர்சகர்களுக்கும் தடை. அன்றைக்கு என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மறைந்தவர்களுக்குக் கிடைத்த அமைதியை உயிரோடிருப்பவர்களுக்கும் பெற்றுத்தர அவர் செய்த முயற்சியாக நான் இதைப் பார்க்கிறேன். சங்கம் 1921-க்குமேல் நீடிக்கவில்லை.

பழைய இசைத்தட்டு:

கீழ்ஸ்தாயி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். ‘யாரும் எண்ணிப் பார்க்காத’ என்று நான் எழுதியது பிழைதான்.

மாடிப்படி அவர்கள் முதலில் கேட்டதில் ஒரு பகுதி இன்னும் விடுபட்டிருக்கிறது: முந்தையவர்கள் போகாமல் மேடையிலேயே இருந்தால் அடுத்து எழுத வருபவர் என்ன செய்வார்? பிராம்ஸுக்கு முதல் சிம்பொனியை வெளியிட நாற்பத்து மூன்று வயதாயிற்று. அதன் முதல் பகுதியை 1862-லேயே நண்பர்களுக்கு அனுப்பிக் காட்டியவர், முழுமையாக அரங்கேற்றியது 1876 நவம்பரில். இடையில் நின்ற தடை பீத்தோவன்தான் என்பதை அவரே மறைக்கவில்லை. ஹெய்டனுக்கு இப்படியொரு அச்சம் வந்திருக்கவே முடியாது. அவர் முன்னறையில் நின்றபோது அடுத்த அறையில் இருந்தது கோமகன் மட்டும்தான்.

ஆனால் அதே பிராம்ஸ் அந்தப் பாரத்தைக் கருவியாக்கிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. வாய்த்தால் இன்றிரவே கேளுங்கள். 1885-ல் அரங்கேறிய 4-ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதிக்கு, பாஹின் 150-ஆம் கான்டாட்டாவின் முடிவில் வரும் பாஸ் (கீழ்க்குரல்) வரியைச் சற்றே மாற்றி அடிப்படையாக வைத்தார். எட்டு அளவுகள் கொண்ட அந்த வரி முதலில் காற்றுக் கருவிகளில் நேராக ஒலிக்கிறது. அதுவரை மூன்று பகுதிகளாகச் சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன் கலைஞர்கள் கருவியை எடுப்பது அப்போதுதான். பின் அதே எட்டு அளவுகள் முப்பது முறை வேறு வேறு உடையில் வருகின்றன. பன்னிரண்டாவதில் ஒரு புல்லாங்குழல் தனியாக, மூச்சு வாங்குவதுபோல் இசைக்கும்போது, அடியில் ஓடுவது பாஹின் வரி என்பதே கேட்பவருக்கு மறந்துவிடும்.