மணலில கலங்கல் கிளம்புது, ஈயம் கூட்டவோ?

நிலாவெளியான்:
நிலாவெளிப் புறாமலைத் தீவுப் பக்கம் டைவ் பண்ணேக்க, பவளப்பாறை முடிஞ்சு மணல் தொடங்கிற இடத்தில கால் தாழ்ந்து ஒரே கலங்கல். 3 மி.மீ. தடிப்பு டைவிங் சூட், 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர், தாழுறதுக்கு இடுப்பில 8 கிலோ ஈயம். இன்னும் கூட்டவோ?

சுழியோடி:
கூட்டாதேங்கோ தம்பி, குறையுங்கோ. ஈயம் கூடினால் மிதக்கவைக்கிற ஜாக்கெட்டுக்குக் காற்றும் கூட அடிக்கவேணும். அது நெஞ்சை மேல தூக்கும், ஈயம் இடுப்பைக் கீழ இழுக்கும். பிறகு கால்துடுப்பு அடிக்கிற தண்ணி நேரே மணலுக்குத்தான்.

டைவ் முடிவில பாருங்கோ: 5 மீற்றர் ஆழம், சிலிண்டரில 50 பார் காற்றழுத்தம், ஜாக்கெட்டில காற்றே இல்லை. சாதாரண மூச்சில அந்த இடத்திலயே நிக்கவேணும். தாழ்ந்தால் அடுத்த முறை ஒரு கிலோ கழட்டுங்கோ. நிரம்பின சிலிண்டரோட பார்த்தால் கணக்குப் பிழைக்கும். 200 பார் 50 ஆகேக்க ஏறக்குறைய 2 கிலோ காற்று போயிடும்.

கடற்காகம்:
மிஞ்சிற ஈயத்தில 2 கிலோவைச் சிலிண்டர் பட்டியில மாட்டுங்கோ, கால் உயரும். முழங்காலை மடக்கித் தவளை மாதிரி அடியுங்கோ. மணலில கை ஊன்றவே வேண்டாம், திருக்கை புதைஞ்சு கிடக்கும், வால்முள்ளில விஷம்.

நிலாவெளியான்:
நன்றி அண்ணை. வாடைக்காற்றுக் காலத்திலயும் இதே கணக்கோ?

சுழியோடி:
ஈயக் கணக்கு அதேதான். ஆனா வாடையில கடலே கலங்கிக் கிடக்கும், மே வரட்டும்.