புதுப்பிப்பு: எச்சிங் பிரதிக்குப் பிறேம், மாரி தொடங்க முதல்

போர்த்துக்கலில் பிறந்த ஓவியர் பவுலா ரெகோவின் எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசித் தாளில் அழுத்தி எடுக்கும் அச்சு) பிரதியொன்றை யாழ்ப்பாணத்து ஈரத்தில் எப்படிப் பிறேம் போடுவது என்ற என் முந்தைய பதிவின் தொடர்ச்சி இது. கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் 1998 வாக்கெடுப்பு போர்த்துக்கலில் தோற்றதும் அவர் கருக்கலைப்பைப் பற்றிப் பாஸ்டல் (வண்ணக்கட்டி) ஓவியங்கள் வரைந்தார். பலரிடம் போய்ச்சேரட்டும் என்று அதே பொருளை எச்சிங்காகவும் செய்தார். அப்படிப்பட்ட தாள் பழுப்பேறிப் போகக்கூடாது.

பிரதியைப் பின்மட்டையில் ஒட்டச் செலோரேப் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அதன் பசை தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாகிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. அதற்குப் பதில் பசை காய்ச்சுங்கள்: கோதுமை மாப்பொருள் (ஸ்டார்ச்; சாதாரண கோதுமை மா அல்ல) ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு; மெல்லிய நெருப்பில் துழாவிக் களியாக்கி, ஆறியதும் வடியுங்கள். ஜப்பானியத் தாள் (மெல்லிய, உறுதியான நார்த்தாள்) துண்டுகள் இரண்டால் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மாரி ஈரத்தில் தாள் விரிய இடமின்றி அலையலையாகப் புடைக்கும்.

பிறேமுக்கு அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்ட விடாதீர்கள். தகட்டின் அழுத்தத் தடம், பென்சில் இலக்கம், கையொப்பம் எல்லாம் அந்தப் பக்கம்தான். 12/35 என்றால் 35 பிரதிகளில் 12ஆவது. சிறிய இலக்கமென்றால் நல்ல அச்சு என்று நம்பிக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கண்ணாடி தாளில் முட்டக்கூடாது. அமிலமற்ற மவுண்ட் மட்டை (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய மட்டை) இடைவெளி தரும். பிறேம் சுவரோடு ஒட்டாதிருக்கப் பின்பக்கக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, மழைச்சாரல் படாத உட்சுவரில் மாட்டுங்கள்.