பழைய எஃகுப் பந்தயச் சைக்கிள்: இன்பம் எஃகிலா, டயரிலா?

நெடுவழி:
பர்மிங்காமுக்குக் குடிவந்த புதிதில், பழைய பொருள் சந்தை ஒன்றில் 1970களின் பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இருக்கைக் குழாயில் ‘ரெனால்ட்ஸ் 531’ என்ற ஒட்டுப்படம் பாதி உரிந்திருந்தது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அந்த எஃகுக் குழாயை ரெனால்ட்ஸ் நிறுவனம் இதே ஊரிலிருந்து 1935இல் அறிமுகப்படுத்தியது. பதினோரு ஆண்டுகளாக அந்த வண்டியை ஓட்டுகிறேன். இடையில் வாங்கிய அலுமினிய வண்டியையும் கார்பன் வண்டியையும் விற்றுவிட்டேன். கரடுமுரடான சாலையில் எஃகு அதிர்வைத் தானே வாங்கிக்கொள்கிறது; மற்றவை அதை அப்படியே மணிக்கட்டில் இறக்குகின்றன. இத்தகைய வண்டிகளைத் தேடி அலைவது வெறும் பழமை ஏக்கம் என்று பலர் சொல்கிறார்கள். அந்த இன்பம் உலோகத்திலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இளங்காற்று:
நண்பரே, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் மறுக்கிறேன். சைக்கிள் சட்டகத்தின் உடல் முக்கோணங்களால் ஆனது. மேலிருந்து வரும் சுமைக்கு முக்கோணம் ஏறக்குறைய வளைவதே இல்லை. காற்றடைத்த டயரோ அதே சுமைக்குப் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. மலிவான எஃகானாலும் 531 ஆனாலும் அந்த உலோகத்தின் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, ஒன்றுதான்: சுமார் 200 கிகாபாஸ்கல். உயர்ந்த கலவை கூடுதலாகத் தருவது வலிமை. அந்த வலிமையால் குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்க முடிகிறது, எடை குறைகிறது. என்னிடமும் 1978ஆம் ஆண்டின் எஃகு வண்டி ஒன்று உண்டு. அதற்கும் என் அலுமினிய வண்டிக்கும் ஒரே 28 மி.மீ. டயரைப் போட்டு, இரண்டிலும் 5 பார் அழுத்தத்தில் காற்றடித்து, கல் பதித்த ஒரே தெருவில் நான்கு முறை மாறி மாறி ஓட்டினேன். என் மணிக்கட்டுக்கு வேறுபாடு தெரியவில்லை. நீங்கள் விற்ற வண்டிகளில் எந்த அகல டயர் இருந்தது?

நெடுவழி:
23 மி.மீ. டயர், 8 பார் காற்று. அதிர்வை இறக்கியது அந்த ஒடுங்கிய, இறுகிய டயராகவே இருக்கலாம். கேள்வி நியாயமானது, அதிர்வைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மேலிருந்து வரும் சுமையை மட்டுமே கணக்கில் எடுத்தீர்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டகம் பக்கவாட்டில் முறுக்கப்படுகிறது. பழைய சட்டகத்தின் மேல் குழாய் 25.4 மி.மீ., கீழ்க் குழாய் 28.6 மி.மீ. விட்டம் மட்டுமே கொண்டது. சுவரின் கனம் மாறாதபோது குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் (விட்டம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு) என்பதால், பருத்த அலுமினியக் குழாயோடு ஒப்பிட்டால் இந்த மெல்லிய குழாய்கள் நன்றாகவே வளைந்து கொடுக்கின்றன. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி சற்றே இளகி மீண்டு வருவதை என் கால்கள் உணர்கின்றன. அதற்கு டயர் காரணமாக முடியாது.

பழைய_இரும்பு:
ஐயா, நீங்கள் இருவரும் ஓடும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்த இன்பம் பட்டறை மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. சென்ற மாதம் வந்த ஒரு சட்டகத்தில் அலுமினிய இருக்கைத் தண்டு எஃகுக் குழாய்க்குள் இறுகிப் போயிருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. இரண்டு உலோகங்களுக்கு இடையே ஈரம் புகுந்து விளைந்த வெள்ளை உப்பு, பற்றவைத்ததைப் போலப் பிடித்திருந்தது. சூடாக்கினால் எஃகைவிட அலுமினியம் அதிகம் விரிந்து பிடி இன்னும் இறுகும் என்பதால், ஊடுருவும் எண்ணெய் ஊற்றி, பத்து நாள்கள் காத்திருந்து, பனிக்கட்டியால் தண்டைக் குளிரவைத்துத் திருகினேன். கிரீச்சென்ற ஒலியோடு அது கால் சுற்று நகர்ந்த அந்த நொடிக்காக இன்னும் பத்துச் சட்டகங்களை வாங்குவேன். வெளியே வந்த தண்டின் அடியில் அதன் விட்டம் 27.2 (மி.மீ.) என்று பொறித்திருந்தது. மெல்லிய சுவர்க் குழாய்க்கு உரிய அளவு அது.

குழாய்களைச் சேர்க்கும் உறை போன்ற லக்கைப் பாருங்கள். அதன் நுனியை அரத்தால் இலைபோல் தேய்த்து மெலிதாக்கியவரின் கைத்தடம் வண்ணப்பூச்சுக்கு அடியிலும் தெரிகிறது. ஆகவே என்னிடமுள்ள வண்டிகளுக்கு நான் புதுப் பூச்சு அடிப்பதில்லை. தேய்ந்த நிலையிலேயே துடைத்து மாட்டி வைத்திருக்கிறேன்.

இளங்காற்று:
மாட்டி வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தாலியின் காயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் ‘லெரோயிகா’ ஓட்டத்தைப் பாருங்கள்: 1987க்கு முற்பட்ட வண்டி, கீழ்க் குழாயில் கியர் நெம்புகோல், கால்வார் கட்டிய மிதி ஆகியவற்றோடு, டஸ்கனியின் வெள்ளை மண்சாலைகளில் மக்கள் நாள் முழுவதும் ஓட்டுகிறார்கள். ஷிமானோ நிறுவனம் 1984இல் டுரா-ஏஸ் என்ற தன் பந்தய உதிரிபாக வரிசையில், படிப்படியாகத் தானே நிற்கும் ‘கிளிக்’ கியரைக் கொண்டுவருவதற்கு முன்பு, சங்கிலி பல்சக்கரத்தில் சரியாக விழுந்ததா என்பதை ஓட்டுபவரே அதன் ஒலியைக் கேட்டு நெம்புகோலை மயிரிழை நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது. என் எஃகு வண்டியை நான் விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் அந்த ஒலிதான். சுவரில் தொங்கும் வண்டியில் அதைக் கேட்க முடியுமா?

நெடுவழி:
இதில் நான் உங்கள் பக்கம். பழைய_இரும்பு ஐயா, பூச்சைக் காப்பது சரி. ஆனால் ஓட்டாத சட்டகத்தின் உட்புறமும் துருப்பிடிக்கும் அல்லவா?

பழைய_இரும்பு:
குழாய்களுக்குள் ஆண்டுதோறும் துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்கிறேன். இருப்பினும் நெம்புகோலைப் பற்றி இளங்காற்று சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த 27.2 தண்டில் கிரீஸ் தடவித் திரும்பப் பொருத்திவிட்டேன், டயர்தான் பாக்கி. 28 மி.மீ. டயர் சக்கரத்தைப் பிடிக்கும் அந்தக் கவைக்குள் நுழையுமா என்று இன்றிரவே அளந்து சொல்கிறேன்.