கண்டெய்னருக்குள் காலத்தொடர் தரவுத்தளம்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தருணம்

பழைய_வால்யூம்

சர்வர் அளவீடுகளை நேரவாரியாகச் சேமிக்கும் புரோமிதியஸை டாக்கர் கண்டெய்னரில் (செயலியைத் தனித்து ஓட்டும் உறையில்) ஓட்டுபவர்கள்தான் இங்கே பெரும்பாலும் இருக்கிறீர்கள் என்பதால் முன்னுரையைத் தவிர்க்கிறேன். அது இயல்பாக 15 நாள் தரவை மட்டுமே வைத்திருக்கும். மேலாளர் மூன்று மாத வரைபடம் வேண்டும் என்றார். கண்டெய்னரை எப்படி எழுப்புவது என்று சொல்லும் கம்போஸ் கோப்பில் கமாண்ட் பகுதியைப் புதிதாக எழுதி, கட்டமைப்புக் கோப்பு இருக்கும் இடத்தையும் 90 நாள் என்ற வரம்பையும் அதில் கொடுத்து, கண்டெய்னரை மறுபடி எழுப்பினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. டேஷ்போர்டைத் திறந்தால் வலது ஓரத்தில் மூன்று நிமிடக் கோடு, அதற்கு இடப்பக்கம் முழுவதும் வெறுமை. அதிக நாள் வைத்திரு என்று சொன்ன கட்டளையே வைத்திருந்த அத்தனையையும் விழுங்கிவிட்டதைப் போல இருந்தது.

வால்யூம் (கண்டெய்னர் போனாலும் தரவு தங்கும் சேமிப்பிடம்) அழிந்துவிட்டது என்றே முடிவுகட்டி மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். நான்காம் நாள் வேறு வேலையாகக் கண்டெய்னருக்குள் நுழைந்து கோப்புறையைப் பட்டியலிட்டபோது, 26 எழுத்துப் பெயர் கொண்ட பழைய தரவுத் தொகுதிகள் அனைத்தும் வரிசையாக நிற்பதையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே ‘டேட்டா’ என்று புதிதாக ஒரு கோப்புறை முளைத்திருப்பதையும் கண்டேன். கம்போஸில் நாம் எழுதும் கமாண்ட், கண்டெய்னருக்கு அச்சான இமேஜோடு வரும் கட்டளையுடன் சேர்ந்துகொள்வதில்லை. அதை முழுவதுமாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. இமேஜின் கட்டளையில் சேமிப்பிடமும் குறிக்கப்பட்டிருந்தது. நான் அதை எழுதாமல் விட்டதால், புரோமிதியஸ் தான் நின்ற இடத்திலேயே தனக்கு இயல்பான பெயரில் ஒரு கோப்புறையை உண்டாக்கிக்கொண்டு, முதல் நாளிலிருந்து வாழத் தொடங்கிவிட்டது.

சேமிப்பிடத்தைச் சரியாகக் குறித்து, நான்கு நாள் தொகுதிகளையும் மேல் கோப்புறைக்கு நகர்த்தியதும் வரைபடம் திரும்பியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில மணி நேரம் இன்றும் காலியாக இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. ஒரு பட்டியல் கட்டளைகூட அடித்துப் பார்க்காமல் ‘தரவு போய்விட்டது, மீட்க வழியில்லை’ என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அந்தக் குரல்தான் இப்போதும் காதில் விழுகிறது.

நோபடி

என்னுடையது சிறியது. தரவைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கலாம் என்று எண்ணி, சர்வரிலேயே ஒரு கோப்புறை அமைத்து அதைக் கண்டெய்னருக்குள் இணைத்தேன். எழுந்த வேகத்தில் அது விழுந்தது. லாகில் இருபது முப்பது வரிக்கு அலறல். நடுவே, ஓடிக்கொண்டிருக்கும் வினவல்களைக் குறித்துவைக்கும் கோப்பை உருவாக்க முடியவில்லை என்ற ஒரே ஒரு பயனுள்ள வரி. வினவலே அனுப்பாதபோது வினவல் கோப்பைப் பற்றி இது ஏன் அழுகிறது என்று அரை நாள் குழம்பினேன். கோப்புறைக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி கொடுத்தேன். அதன்பின் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடுகிறது.

உரிமை_பார்

நோபடி அவர்களே, சிக்கலில்லாமல் ஓடுகிறது என்பது 777 கொடுத்த ஒவ்வொருவரும் சொல்லும் வாக்கியம் என்பதால், பொறுத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும் புனைபெயரிலேயே விடை இருக்கிறது. அதிகாரபூர்வ இமேஜில் புரோமிதியஸ் ரூட்டாக, அதாவது முழு அதிகாரப் பயனராக ஓடுவதில்லை, நோபடி என்ற பயனராக ஓடுகிறது. அதன் எண் 65534. ரூட்டுக்குச் சொந்தமான கோப்புறையில் அதனால் எழுத முடியாது. அந்த வினவல் கோப்பு, தொடக்கத்திலேயே அது எழுத முயலும் கோப்புகளில் ஒன்று என்பதால் உங்கள் கண்ணில் பட்டது, அவ்வளவே. கோப்புறையின் உரிமையை 65534 என்ற எண்ணுக்கு மாற்றியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். வரைபடம் காட்டும் கிராஃபானாவுக்கும் இதே கதைதான். அங்கே எண் 472. பெயரிட்ட வால்யூமைப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஒரு வரியும் தேவைப்பட்டிருக்காது, ஏனெனில் காலியான வால்யூமை முதன்முறை இணைக்கும்போது டாக்கர் இமேஜில் உள்ள கோப்புறையின் உரிமையையும் சேர்த்தே அதற்குக் கொடுத்துவிடுகிறது. நேரடியாக இணைத்த கோப்புறைக்கு அந்தச் சலுகை கிடையாது. 777 கொடுத்ததால் அந்தச் சர்வரில் ஓடும் எந்தச் செயலியும் உங்கள் தரவுக் கோப்புறையில் கைவைக்கலாம் என்பதையும் கவனியுங்கள்.

பழைய_வால்யூம் அவர்களுக்கும் ஒரு சொல். தொகுதிகளைக் கையால் நகர்த்தும்போது, இன்னும் தொகுதியாக மாறாத கடைசிச் சில மணி நேரத் தரவு நினைவகத்திலும், வந்த தரவை உடனுக்குடன் எழுதிவைக்கும் முன்பதிவுக் கோப்புகளிலும்தான் இருக்கும். உங்கள் வெற்றிடம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். நிர்வாக ஏபிஐயைத் திறந்துவிட்டு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்திருந்தால் அந்தத் தரவும் தொகுதியாகக் கைக்கு வந்திருக்கும். பேச்சு வந்ததால் சொல்கிறேன், எந்த நிலையிலும் இதன் சேமிப்பை என்எஃப்எஸ் வகைப் பிணையக் கோப்புறையில் வைக்காதீர்கள். மீட்க முடியாதபடி தரவு சிதையக்கூடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. எனக்கென்று கதை கேட்டால், 2.0 பதிப்பு வந்த புதிதில் நானும் 777 கொடுத்தவன்தான்.

வெறும்_204

நான் புரோமிதியஸ்காரன் அல்லன்; என்னுடையது இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற இன்னொரு காலத்தொடர் தரவுத்தளம். சென்சார் அளவுகளைப் பத்து வினாடிக்கு ஒருமுறை 8086 போர்ட்டுக்கு அனுப்பும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு முறையும் 204 என்ற விடை வந்தது; எழுதியாயிற்று, சொல்ல வேறொன்றும் இல்லை என்பது அதன் பொருள். டேஷ்போர்டில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை. கண்டெய்னரை அழித்துக் கட்டினேன், டோக்கனை மாற்றினேன், தரவு சேரும் பக்கெட்டின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். விடை 204தான்.

இரவில், வேறு எதுவும் தோன்றாமல், நேர வரம்பைத் தொடக்கம் முதல் இன்றுவரை என்று வைத்து அட்டவணையாகப் பார்த்தேன். என் அளவுகள் அனைத்தும் அங்கே இருந்தன, 1970 ஜனவரி 1 அன்று. நேர அலகைக் குறிப்பிடாவிட்டால் இன்ஃப்ளக்ஸ்டிபி நாம் கொடுக்கும் எண்ணை நானோவினாடி என்றே எடுத்துக்கொள்ளும். நான் அனுப்பியதோ வினாடி. நூற்று எழுபது கோடியைத் தாண்டிய அந்த எண், 1970 பிறந்து ஒன்றே முக்கால் வினாடி ஆன தருணமாகிவிட்டது. ஒரு நாள் முழுவதும் சேர்த்த அளவுகள் 86,400 நானோவினாடிக்குள் அடங்கிக் கிடந்தன. கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எழுதும் முகவரியில் அலகு வினாடி என்று சேர்த்ததும் அடுத்த பத்தாவது வினாடியில் முதல் புள்ளி தோன்றியது. பக்கெட்டுக்கு நான் கால வரம்பு வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் அந்தப் புள்ளிகள் வரம்புக்கு வெளியே போய்ச் சேராமலே இருந்திருக்கும்.

இரவுப்_பணி

இரண்டு வாரத்துக்கு முன் நடந்தது என்பதால் இன்னும் ஆறவில்லை. எங்கள் புரோமிதியஸ் கண்டெய்னருக்கு 2 ஜிபி நினைவக வரம்பு, விழுந்தால் தானாக எழும் ஏற்பாடு. நள்ளிரவு தாண்டி அது 137 என்ற வெளியேறும் எண்ணோடு விழுந்தது. எழுந்தது, முன்பதிவுக் கோப்புகளைத் திரும்பப் படித்தது, பாதியில் மீண்டும் 137. எங்கள் குழுவில் அந்தக் கோப்புகளை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வால்’ என்றே அழைப்போம். அன்று அது பெயருக்கேற்ப நீண்டுகொண்டே போனது. எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை வரிசைகளையும் (தனித்தனிக் காலத்தொடர்களையும்) நினைவகத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்றுவதற்கு 2 ஜிபி போதவில்லை. ஆகவே அதனால் எழவே முடியாது. தானாக எழும் ஏற்பாடு அந்தச் சாவை ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்கு மறுஒளிபரப்பிக்கொண்டிருந்தது.

காரணம் அன்று மாலை வெளியான ஒரு மாற்றம். கோரிக்கை நேரத்தை வாளிகளாகப் பிரித்து எண்ணும் ஹிஸ்டோகிராமில் ஆர்டர் எண்ணையும் லேபிளாகச் சேர்த்திருந்தார்கள்; லேபிளின் ஒவ்வொரு புது மதிப்புக்கும் புது வரிசைகள் பிறக்கும். கோ மொழி நூலகத்தின் இயல்பான ஹிஸ்டோகிராமுக்கு 11 வாளிகள். முடிவிலி வாளியோடு 12. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் சேர்த்தால் 14 வரிசைகள். ஓர் ஆர்டருக்கு 14 என்றால் 20,000 ஆர்டருக்கு 2,80,000 வரிசைகள், அதுவும் ஒரே ஒரு மெட்ரிக்குக்கு (அளவீட்டுக்கு).

சர்வரில் கூடுதல் நினைவகம் இல்லாததால் வரம்பை உயர்த்த வழியில்லை. விடியற்காலை 4 மணிக்கு, பேசித் தீர்க்க யாரும் விழித்திருக்காத நிலையில், வால் கோப்புறையை அழித்தேன். அடுத்த நொடி கண்டெய்னர் நலமாக எழுந்தது. காலையில் வந்த சக பணியாளர் முதலில் கேட்டது: ‘நள்ளிரவில் கட்டணச் சேவை தடுமாறியிருக்கிறது, அந்த நேர வரைபடத்தைக் காட்டுங்கள்.’ அவர் கேட்ட நேரம், நான் அழித்த நேரம்.

ஒன்பதாம்_சிக்னல்

இரவுப்_பணி அவர்களே, 137 என்றதும் நினைவகம் என்று முடிவுகட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 137 என்பது 128-உடன் 9-ஐக் கூட்டிய எண்; ஒன்பதாம் சிக்னலால் கொல்லப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கொன்றவர் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலாகவும் இருக்கலாம், டாக்கராகவும் இருக்கலாம். எங்கள் கண்டெய்னரும் நாள்தோறும் 137 என்றே விழுந்தது. 4 ஜிபியை 8 ஆக்கினேன், 8-ஐ 16 ஆக்கினேன், செலவுக்கு ஒப்புதல் வாங்க நீண்ட மின்னஞ்சலும் எழுதினேன். கடைசியில் பார்த்தால், பேக்கப் ஸ்கிரிப்ட் கண்டெய்னரை நிறுத்துகிறது. டாக்கர் மென்மையாகச் சொல்லிவிட்டு 10 வினாடி காத்திருக்கிறது. எங்கள் புரோமிதியஸோ தொலைவிலுள்ள சேமிப்புக்கு அனுப்ப வேண்டிய மீதியை அனுப்பி முடிக்க ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளக்கூடியது. பொறுமையிழந்த டாக்கர் ஒன்பதாம் சிக்னலை அனுப்பிவிடுகிறது. காத்திருப்பு நேரத்தை 2 நிமிடமாக்கியதும் நின்றது. அந்த மின்னஞ்சலுக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

ஆகவே முதலில் டாக்கர் இன்ஸ்பெக்ட் கொடுத்து, நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டதா என்று காட்டும் குறியைப் பாருங்கள். இன்னொன்று: லேபிள் பெருகுவதைக் கண்டறிய புரோமிதியஸின் ஸ்டேட்டஸ் பட்டியலில் டிஎஸ்டிபி என்ற பக்கமே இருக்கிறது, அதிக மதிப்புகளைக் கொண்ட முதல் 10 லேபிள்களையும், அதிக வரிசைகளைக் கொண்ட முதல் 10 மெட்ரிக்குகளையும் அது காட்டும். ஒவ்வொரு சேகரிப்புக்கும் மாதிரி வரம்பு (ஒரு முறை எடுக்கும் அளவுகளின் உச்ச எண்ணிக்கை) வையுங்கள். மீறினால் அந்தச் சேகரிப்பு முழுவதும் தோல்வியாகக் கருதப்படும், தரவுத்தளமாவது பிழைக்கும். லேபிளை மட்டும் களையும் விதியை அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள்: களைந்தபின் இரண்டு வரிசைகள் ஒரே அடையாளத்தோடு நின்றால், ஒரே நேரத்துக்கு இரட்டை மாதிரி என்று லாக் நிரம்பும், எது உண்மையான மதிப்பு என்பது யாருக்கும் தெரியாது. செயலியிலிருந்தே நீக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த மெட்ரிக்கையே முழுவதுமாகக் கைவிடலாம்.

ஐநோடு

கட்டமைப்புக் கோப்பு ஒன்றை மட்டும் கண்டெய்னருக்குள் இணைத்திருந்தேன். விம் எடிட்டரில், புரோமிதியஸ் அளவெடுக்க வேண்டிய புதிய இலக்கைச் சேர்த்துச் சேமித்து, மறுவாசிப்புக்கான சிக்னலையும் அனுப்பினேன். லாகில் வாசிப்பு வெற்றி என்று வந்தது, இலக்கு மட்டும் வரவில்லை. ஒரு திரையில் சர்வரின் கோப்பையும் மறுதிரையில் கண்டெய்னரின் கோப்பையும் திறந்து வைத்தால், ஒரே பெயர், வெவ்வேறு உள்ளடக்கம். சேமிக்கும்போது எடிட்டர் பழைய கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை அந்தப் பெயரில் வைக்கிறது; கண்டெய்னரோ பழைய ஐநோடையே (வட்டில் கோப்பின் உண்மையான அடையாளத்தையே) பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது கோப்பை விட்டுவிட்டு அது இருக்கும் கோப்புறையை இணைக்கிறேன். அந்த இரண்டு திரைகளையும் பார்த்த அரை நிமிடம், எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன்.

இரவுப்_பணி

ஒன்பதாம்_சிக்னல் அவர்களுக்கு: அந்தக் குறியை அன்றிரவே பார்த்தேன், உண்மை என்றுதான் இருந்தது. உங்களைக் கொன்றவர் டாக்கர், எங்களைக் கொன்றவர் கெர்னல். மாதிரி வரம்பை இப்போது வைத்துவிட்டோம், ஆர்டர் எண்ணும் செயலியிலிருந்து போய்விட்டது. அழிப்பதற்கு முன் வால் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தால், அதிக நினைவகம் உள்ள இன்னொரு சர்வரில் நிதானமாகப் படித்திருக்கலாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வட்டில் இடம் தாராளமாக இருந்தது. எங்கள் கால வரம்பு இன்னும் அதே 15 நாள் என்பதால், வரும் வியாழக்கிழமை அந்த வெற்றிடமும் வரைபடத்தின் இடது ஓரத்தைக் கடந்து போய்விடும்.