மறு: மறு: 'சட்டைரிக்கல் பிரிண்ட்' – தமிழில் என்ன போடலாம்?

நூலகவியல் ஆசிரியை, வியாழன் காலை

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கட்கிழமை எனக்கு வகுப்பு. பட ஆவணங்களுக்குப் பட்டியலாக்கம் செய்வது பாடம். பயிற்சிக்குப் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு லண்டன் படங்களை எடுத்திருக்கிறேன். பயிற்சித்தாள் தமிழில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இப்போது அந்தப் பிடிவாதமே கழுத்தைப் பிடிக்கிறது.

செப்புத் தகட்டில் அரசியல்வாதிகளைக் கிண்டலடித்து வரைந்து, காகிதத்தில் ஒற்றி, கடை ஜன்னலில் தொங்கவிட்டு விற்ற தனித்தாள் படங்கள். ஆங்கிலத்தில் 'சட்டைரிக்கல் பிரிண்ட்'. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இவற்றுக்கென்றே 1832 வரைக்குமான பட்டியலை 11 தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. முதல் நான்கு ஸ்டீபன்ஸ் செய்தவை. ஐந்திலிருந்து பதினொன்று வரை டாரதி ஜார்ஜ் என்ற அம்மையார், 1935 முதல் 1954 வரை. அந்தப் பட்டியலின் தலைப்பில் உள்ள 'சட்டையர்' என்ற சொல்லுக்கே நான் 'கேலிச்சித்திரம்' என்று எழுதிவிட்டேன். ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அது பத்திரிகையில ஜோக் பக்கத்துல வர்றதுதானே?"

இல்லை. மூக்கை நீட்டி வரைவது காரிகேச்சர். மனிதரின் குணத்தைக் காட்டும் முகமும் அதுவும் ஒன்றல்ல என்று லண்டன் ஓவியர் ஹோகார்த் 1743இல் ஒரு தகடே போட்டுச் சண்டை பிடித்தார். கேலிச்சித்திரம் என்ற ஒரே சொல்லுக்குள் கார்ட்டூன், காரிகேச்சர், இந்தத் தனித்தாள் மூன்றும் அடைந்து கிடக்கின்றன. 'போர்ட்ரெய்ட் டிராயிங்', அதாவது ஒருவரின் உருவத்தைத் தாளில் கையால் வரைந்த படம், அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஞாயிறு இரவுக்குள் உதவுங்கள்.

புலவர் ஐயா, வியாழன் மதியம்

அம்மா, சொல்லைத் தேடி லண்டனுக்குப் போவானேன்? தொல்காப்பியர் செய்யுளியலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'அங்கதம் தானே அரில்தபத் தெரியின் செம்பொருள் கரந்தது எனஇரு வகைத்தே.' நேரே திட்டினால் செம்பொருள் அங்கதம். மறைத்துத் திட்டினால் பழிகரப்பு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, 'இவை மயிற்பீலி சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்றாரே ஔவையார், அது இரண்டாம் வகை. ஆகவே அங்கத ஓவியம். அச்சிட்டதால் அங்கத அச்சோவியம். முடிந்தது.

காரிகேச்சர் என்பது இத்தாலியச் சொல்; 'பாரம் ஏற்றுதல்' என்று பொருள். 'ஏற்றோவியம்' என்று முன்மொழிகிறேன். ஏற்றம், ஏற்றுமதி, ஏற்றப்பாட்டு எல்லாம் இந்த 'ஏறு' வேர்தான். இதை விரித்து நாளை எழுதுகிறேன்.

சிவகாசி அச்சகத்துக்காரர், வியாழன் இரவு

ஐயா நாளைக்கு விரிப்பதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இலக்கணம் தெரியாது, மை தெரியும்.

'அச்சு' என்று சொன்னால் எங்கள் தொழிலில் முதலில் நினைவுக்கு வருவது அச்சுக் கோர்ப்பது. எழுத்து மேடாக நிற்கும், மேட்டில் மை ஒட்டும். அம்மா சொல்கிற செப்புத் தகடு அதற்கு நேர் எதிர். தகட்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு, அதை ஊசியால் கீறி அமிலத்தில் போட்டால் கீறிய இடம் பள்ளமாகும். மையைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் மை மேலே வரும். இதைப் போய் 'அச்சு' என்றால் முறுக்கு அச்சும் கொழுக்கட்டை அச்சும்தான் ஞாபகம் வருகிறது. 'தகட்டுப்படம்' என்று வையுங்கள். கேலி வேண்டுமானால் 'கேலித் தகட்டுப்படம்'. 'அங்கதம்' என்று போட்டால் என் கடைப் பையன் 'அங்கத' வரைக்கும் படித்துவிட்டு ராமாயணத்து அங்கதனைத் தேடுவான்.

இன்னொன்று. ஆளை அப்படியே உரித்து வைத்தால் 'அச்சு அசல்' என்கிறோம். இங்கே ஆளைக் கோணலாக்கி அச்சடிக்கிறார்கள். யோசியுங்கள்.

டொராண்டோவிலிருந்து, வெள்ளி

அண்ணாச்சி சொன்னது விளங்குது. ஆனால் 'தகட்டுப்படம்' என்றால் தகட்டிலேயே வரைந்த படம் என்றுதான் என் காதில் விழுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் 'பகிடி' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. பகிடிப்படம்? புலவர் ஐயா அடிக்க வருமுன் நானே வாபஸ்.

'டிராயிங்'குக்கு நெடுநல்வாடையை எடுங்கோவன். அரசி நகையில்லாமல் கிடக்கிறதை 'புனையா ஓவியம் கடுப்ப' என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத கோட்டு ஓவியம் என்று உரை. போர்ட்ரெய்ட் டிராயிங் = புனையா உருவோவியம். காதுக்கும் இனிமை.

ஆசிரியை, வெள்ளி மாலை

மிக அழகு. ஆனால் என் பயிற்சித்தாளின் முதல் படமே 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைனுடையது. எட்டாம் ஹென்றியின் அரசவை ஆட்களை அவர் வரைந்தவை சுமார் எண்பது, வின்ட்சரில் இருக்கின்றன. பல படங்களில் தாளிலேயே இளஞ்சிவப்புப் பூச்சு. மேலே வண்ணச் சுண்ணக்கட்டி. இதைப் 'புனையா' என்றால் மாணவி என்னைத்தான் புனைவாள்.

'உருவ வரைபடம்' என்று எழுதிப் பார்த்தேன். மேப் ஆகிவிட்டது. 'வரைவோவியம்'?

புலவர் ஐயா, வெள்ளி மாலை

வரைவு என்றால் திருமணம். 'வரைவு கடாதல்' என்று அகத்துறையே உண்டு. தலைவனிடம் 'எப்போது தாலி கட்டப் போகிறாய்' என்று தோழி கேட்பது. ஹோகார்த் திருமணத்தை வைத்தே ஒரு வரிசை போட்டவர் என்பதால் அவருக்கு மட்டும் பொருந்தும்.

ஆசிரியை, வெள்ளி இரவு

சிரித்தேன். ஆனால் உண்மையான சிக்கலை இன்னும் சொல்லவில்லை.

1749இல் ஹோகார்த் தன் உருவத்தைத் தகட்டில் பொறித்தார். நீள்வட்டத்துக்குள் அவர், முன்னால் அவருடைய பக் நாய். 1763இல் சர்ச்சில் என்ற கவிஞர் அவரைத் தாக்கி ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். ஹோகார்த்துக்குக் கோபம். புதுத் தகடு வாங்கவில்லை. பழைய தகட்டில் தன் முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சர்ச்சிலைக் கரடியாக வரைந்தார். கரடிக்குக் கழுத்தில் பாதிரிப் பட்டை (சர்ச்சில் பாதிரியாராக இருந்தவர்), ஒரு கையில் பீர்க் குவளை, மறு கையில் பொய்கள் செதுக்கிய தடி. நாய் மட்டும் அங்கேயே இருக்கிறது. இப்போது அந்தக் கவிதையின் மேல் மூத்திரம் பெய்கிறது. பிறகு அதே தகட்டில் ஒரு சிறு படத்தையும் சேர்த்தார்.

இது உருவப்படமா, அங்கதமா? பட்டியலில் இதற்குத் தகட்டின் 'ஸ்டேட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தகடு ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு ஸ்டேட். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தாளும் 'இம்ப்ரெஷன்'. இரண்டுக்கும் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற கல்வெட்டாளர், சனி காலை

இதுவரை ஒதுங்கியிருந்தேன். தாளுக்கு 'படி' போதும். கல்வெட்டில் ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றி எடுப்பதை நாங்கள் மைப்படி என்கிறோம். ஒரே கல், பல படிகள். ஒரே தகடு, பல படிகள். ஆனால் 'மைப்படி' என்ற முழுச்சொல்லைத் தொடாதீர்கள். அதில் வெட்டிய எழுத்து வெள்ளையாக விழும், சுற்றிலும் கறுப்பு. உங்கள் தகட்டில் கீறிய கோடுதான் கறுப்பு. தவிர, எங்கள் படியில் எழுத்து நேராகவே இருக்கும். உங்களுடையதில் இடவலம் மாறும்.

ஸ்டேட்டுக்கு 'பதம்'. பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று இல்லையா? முதற்பதம், இரண்டாம் பதம்.

புலவர் ஐயா, சனி காலை

பதம் என்றால் சொல். குழப்பம். சுவடியில் நாம் சொல்வது 'பாடம்', 'பாடவேறுபாடு'. தகட்டின் முதற்பாடம் ஹோகார்த், இரண்டாம் பாடம் கரடி.

ஆசிரியை, சனி காலை

வகுப்பில் நின்றுகொண்டு 'இன்றைய பாடத்தில் இரண்டாம் பாடம்' என்று சொல்ல என்னால் ஆகாது ஐயா. 'நிலை' என்றே போடுகிறேன். மூன்றாம் நிலை, நான்காம் படி. அம்மிக்கல் மாதிரி இருக்கிறது, ஆனால் புரிகிறது.

இனி அடிவரி. 1735இல் ஹோகார்த்தின் முயற்சியால் வந்த சட்டம், தகட்டுக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. பதிலுக்கு வெளியிட்டவர் பெயரும் தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும். அதனால்தான் பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் பூமியைப் புட்டு மாதிரி வெட்டிப் பங்குபோடும் கில்ரேயின் படத்துக்கு, 1805 பிப்ரவரி 26 என்று நாள்கூடச் சொல்ல முடிகிறது. வெளியிட்டவர் ஹன்னா ஹம்ஃப்ரி அம்மையார், செயின்ட் ஜேம்ஸ் தெரு என்று கடை முகவரியோடு. இதை 'வெளியீட்டு வரி' என்று எழுதினேன். இரண்டு பேர் ஜிஎஸ்டியா என்று கேட்டார்கள்.

டொராண்டோவிலிருந்து, சனி

வெளியீட்டடி. அடி என்றால் செய்யுள் வரி, படத்தின் கீழ்ப்பகுதி இரண்டும்தானே.

சிவகாசி அச்சகத்துக்காரர், சனி

பசங்கள் 'யார் யாரை அடித்தார்கள்' என்பார்கள். 'வெளியீட்டுக் குறிப்பு' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள் அம்மா.

ஆசிரியை, ஞாயிறு மாலை

தூக்கம் போனது வேறு விஷயத்தில். படத்தின் ஓரத்தில் லத்தீனில் சுருக்கக் குறிப்புகள் இருக்கும்: வரைந்தது யார், பொறித்தது யார், எல்லாம் செய்தது யார். லத்தீன் வினையில் ஆண், பெண் தெரியாது. நான் 'வரைந்தான்', 'செய்தான்' என்று பெயர்த்துக்கொண்டே வந்தேன். 'எம். டார்லி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். லண்டனில் மேத்யூ டார்லி, மேரி டார்லி என்று கணவன் மனைவி இருவரும் இந்தத் தொழிலில். எம். எந்த எம்.? ஆங்கிலத்திலும் தெரியாது, லத்தீனிலும் தெரியாது. நான் 'ஆன்' போட்டால் மேரியை அழித்துவிடுகிறேன்.

கல்வெட்டாளர், ஞாயிறு மாலை

'ஆர்' போடுங்கள். வரைந்தார், பொறித்தார். மரியாதைக்கு வந்த விகுதி இங்கே ஐயத்துக்கும் உதவும்.

ஆசிரியை, ஞாயிறு இரவு

தாள் போய்விட்டது. அங்கத அச்சுப்படம், உருவக் கோட்டோவியம் (வண்ணம் இருந்தாலும், வேறு வழியில்லை), நிலை, படி, வெளியீட்டுக் குறிப்பு. காரிகேச்சருக்கு 'மிகையுருவம்'. கரடியை இரண்டு தலைப்பின் கீழும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

சிவகாசி அச்சகத்துக்காரர், ஞாயிறு இரவு

'அச்சுப்படம்' என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அது பள்ளம்.

புலவர் ஐயா, திங்கள் அதிகாலை

'ஏறு' வேர் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இணைப்பில் ஒன்பது பக்கம்.